மூன்றாவது மீனில் ஏறிய சிவப்பு

மூன்றாவது மீன்தான் உருப்பட்டது. முதல் மீனின் எலும்பு சாயத்தையே ஏற்கவில்லை. இரண்டாவது மீன் ஒரு மத்தியான வெயிலில் கூழாகிப் போனது. மூன்றாவது இப்போது எங்கள் விலங்கியல் துறை அலமாரியில், கிளிசரின் குப்பிக்குள் வாயை லேசாகத் திறந்தபடி நிற்கிறது. சதை கண்ணாடி மாதிரி இருக்கிறது. எலும்பு கருஞ்சிவப்பு, குருத்தெலும்பு நீலம். ஐந்தரை சென்டிமீட்டர் நீளமுள்ள ஜிலேபிக் கெண்டைக் குஞ்சு.

நான் ஒரு கல்லூரியில் ஆய்வக உதவியாளர். வகுப்பில் தவளை அறுப்பது நின்றுபோன பிறகு என் வேலையில் பாதி குறைந்துவிட்டது. மிச்ச நேரத்தில் அருங்காட்சி அலமாரியிலுள்ள பழைய ஜாடிகளைத் துடைத்து, வற்றிய ஃபார்மலினை நிரப்பி, மூடி ஓரத்தில் மெழுகு பூசுவேன். அப்படி ஒருநாள் ஒரு பல்லியின் ஜாடியைக் கையில் எடுத்தேன். எனக்கு முன்னால், அதற்கும் முன்னால் இருந்த யாரோ ஒரு உதவியாளர் செய்தது. பல்லியை ஒரு கண்ணாடிப் பட்டையில் வைத்து, கறுப்பு நூலால் ஆறு இடத்தில் கட்டியிருக்கிறார். ஒரு முடிச்சுகூட முன்பக்கம் தெரியவில்லை. விரல்கள் ஒவ்வொன்றும் விரிந்திருக்கின்றன. பாடத்திட்டத்துக்கு அந்த விரல் தேவையே இல்லை. பரீட்சைக்கு வருகிற சமாச்சாரமும் இல்லை. ஆனாலும் மனுஷன் விரித்து வைத்திருக்கிறார். அன்றைக்குத்தான் எனக்கும் நானாக ஒன்று செய்து அந்த வரிசையில் வைக்க வேண்டும் என்று தோன்றியது.

செய்ய நினைத்தது, உடலைத் தெளிவாக்கி எலும்புக்குச் சாயம் ஏற்றும் முறை. சிறிய முதுகெலும்புப் பிராணி எதற்கும் செய்யலாம். நான் மீனோடு நிறுத்திக்கொண்டேன். தவளை, பாம்பு, பறவை பக்கம் போகக் கூடாது. பலவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, எனக்கும் மனசு வராது. ஏரியில் வலை போடும் ஒருவரிடம், வலையில் மாட்டிச் செத்த குஞ்சுகளைக் கேட்டேன். “இம்புட்டுக் குஞ்சை வச்சு என்ன சார் பண்ணுவீங்க? முள்ளுதான் இருக்கும்” என்றார். எனக்கு வேண்டியதே முள்தான் அண்ணே என்றேன். சிரித்துவிட்டு நாலைந்தைப் பையில் போட்டுக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

முதல் மீனில் நான் செய்த தப்பு ஃபார்மலினில். ஸ்டோர் ரூமில் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடந்த பழைய பாட்டிலை எடுத்தேன். ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்ற கணக்கெல்லாம் சரிதான். ஆனால் ஃபார்மலின் நாள்பட நாள்படத் தன்னாலேயே ஃபார்மிக் அமிலமாக மாறிக்கொண்டிருக்கும். அமிலம் எலும்பிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துவிடும். மூன்று வாரம் அதிலேயே ஊறிய மீனை எடுத்து, அடுத்தடுத்த எல்லா வேலையும் செய்து, கடைசியில் சிவப்புச் சாயத்தில் போட்டால், எலும்பு வெறும் ரோஜா நிறத்தில் மங்கலாகக் காட்டியது. வால் பக்கத்தில் அதுவும் இல்லை. எட்டணா லிட்மஸ் தாளை முதல் நாளே நனைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இப்போதெல்லாம் புது ஃபார்மலினில்கூட, அமிலத்தை முறிக்க, ஒரு சிட்டிகை வெண்காரம் (போராக்ஸ்) போட்டுத்தான் வைக்கிறேன். அதுவும் சன்னலைத் திறந்து, கையுறை போட்டு. அந்த ஆவி புற்றுநோய் தரக்கூடியது என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கண்ணைக் கசக்கிக்கொண்டு அதன் நடுவிலேயே டீ குடித்திருக்கிறோம்.

இரண்டாவது மீனுக்கு அவசரப்பட்டேன். சதையைத் தெளிவாக்க டிரிப்சின் என்ற நொதி வேண்டும். ஆட்டுக்கறி சீக்கிரம் வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுவார்களே, கிட்டத்தட்ட அதே வேலை. சதையின் புரதத்தை நறுக்கிக் கரைக்கும், ஆனால் எலும்புகளையும் தோலையும் பிணைத்து வைத்திருக்கும் கொலாஜனை அவ்வளவாகத் தொடாது. அதனால் உள்ளே வெறுமையானாலும் உருவம் குலையாது. நொதி தீர்ந்திருந்ததால், பழைய முறைப்படி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற வெறும் காரத்திலேயே சதையைத் தெளிவாக்கிவிடலாம் என்று நினைத்தேன். அதுவும் செய்கிற முறைதான். 1920களில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அரை சதவீதம் போட வேண்டிய இடத்தில் இரண்டு சதவீதம் போட்டு, சீக்கிரம் ஆகட்டும் என்று வெயிலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். காரத்துக்குப் பாரபட்சம் கிடையாது, கொலாஜனையும் தின்னும். திரும்பி வந்து குப்பியைத் தூக்கினேன். மீன் அப்படியே நின்றது. லேசாக ஆட்டினேன். விலா எலும்புகள் ஒவ்வொன்றாக, ஊசி கொட்டுகிற மாதிரி, அடியில் போய் விழுந்தன.

மூன்றாவது மீனை நாள்வாரியாகச் சொல்கிறேன்.

முதல் நாள்தான் முக்கியமான நாள் என்பதை மூன்றாவது தடவைதான் புரிந்துகொண்டேன். ஃபார்மலின் சதையை இறுக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மீன் எப்படி நிற்கிறதோ, அப்படியேதான் கடைசி வரை நிற்கும். ஒரு தெர்மகோல் தட்டில் மீனைப் படுக்க வைத்தேன். முதுகுத் துடுப்பை விரித்து இரண்டு பக்கமும் மெல்லிய ஊசி குத்தினேன். வாலையும் அப்படியே. பிறகு ஒரு நம்பர் டூ பிரஷ்ஷில் ஃபார்மலினைத் தொட்டுத் துடுப்பின்மேல் தடவினேன். ஐந்து நிமிஷத்தில் துடுப்பு விறைத்து நின்றது. ஊசியை எடுத்தால் மூடவில்லை. வாய்க்குள் ஒரு சின்னப் பஞ்சு வைத்து லேசாகத் திறந்து விட்டேன், தாடை எலும்பு ஒன்றன்மேல் ஒன்று படியாமல் இருக்க. பார்க்க மீன் ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருந்தது. அதற்காகச் செய்யவில்லை என்று சொன்னால் பாதிதான் உண்மை.

நாலு நாள் ஃபார்மலின், இரண்டு நாள் தண்ணீர். அப்புறம் செதில் உரிக்கிற வேலை. செதிலிலும் சுண்ணாம்பு இருப்பதால் அதுவும் சிவக்கும். சிவந்தால் உள்ளே இருப்பது எதுவும் தெரியாது. சமையலறையில் கத்தியால் வழிப்பது போல இங்கே முடியாது. பூதக்கண்ணாடிக்குக் கீழே, கிடுக்கியால், ஒவ்வொன்றாக. ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வயிற்றில் சின்னதாகக் கீறிக் குடலையும் எடுத்துவிட்டேன்.

அடுத்தது நீலம். அல்சியன் புளூ என்ற சாயம் குருத்தெலும்பைப் பிடிக்கும். அறுபது மில்லி எத்தில் ஆல்கஹாலில் நாற்பது மில்லி அடர் அசிட்டிக் அமிலம் கலந்து, அதில் பத்து மில்லிகிராம் சாயம். பத்து மில்லிகிராம் என்றால் ஒரு சிட்டிகைகூட இருக்காது, விலைதான் இருக்கும். இங்கேயும் அமிலம் இருக்கிறது பாருங்கள், அதனால் ஒரு நாளுக்கு மேல் விடக் கூடாது. முதல் மீனிடம் பாடம் கற்றவனாயிற்றே, பதினெட்டு மணி நேரத்தில் எடுத்து வெண்காரக் கரைசலில் போட்டுவிட்டேன். எடுத்தபோது மீன் முழுக்க நீலமாக, உஜாலாவில் முக்கிய சட்டை மாதிரி இருந்தது. பயப்பட வேண்டியதில்லை, வேண்டாத நீலம் பின்னால் வெளியேறிவிடும்.

பிறகு தோலின் கறுப்பை நீக்க, ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம், மிச்சம் காரம். ஒரு மணி நேரத்தில் வயிற்றுக்குள் குமிழி சேர்ந்து மீன் மிதக்க ஆரம்பித்தது. குமிழி பெரிதானால் சதையைக் கிழிக்கும். வயிற்றை மேலே திருப்பி, மெதுவாக அழுத்திக் குமிழியை வெளியேற்றிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உடம்பு வெளுத்துவிட்டது. கண் மட்டும் கறுப்பாகவே இருந்தது. இன்னும் சில மணி நேரம் விட்டிருந்தால் கண்ணும் வெளுக்கும். மண்டையோட்டு எலும்பை முழுதாகக் காட்ட வேண்டுமானால் வெளுக்கத்தான் வேண்டும். நான் எடுத்துவிட்டேன். கண் இல்லாத மீனைப் பார்க்கிறவர்கள் எலும்பை எண்ணுவார்கள். கண் இருந்தால் முதலில் மீனைப் பார்ப்பார்கள், அப்புறம் எண்ணட்டும். துறைத்தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. கண்குழியைச் சுற்றியுள்ள எலும்புகள் சரியாகத் தெரியவில்லை என்றார். அவர் சொன்னதும் சரிதான்.

டிரிப்சினில் பதினாறு நாள். வெண்காரக் கரைசல் ஒரு பங்கு, காய்ச்சி வடித்த நீர் இரண்டு பங்கு, அதில் நொதி. கரைசல் நீலமாகக் கலங்கும்போதெல்லாம் மாற்ற வேண்டும். கோடைக்காலம் என்பதால் தனியாகச் சூடாக்கத் தேவையிருக்கவில்லை. தினமும் காலையில் வந்து குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதுதான் வேலை. பத்தாம் நாள் வாக்கில் வால் பக்கத்திலிருந்து முதுகெலும்பு மங்கலாகத் தெரிய ஆரம்பித்தது, மூடுபனியில் தந்திக் கம்பம் தெரிகிற மாதிரி. இப்படி நொதியையும் இரண்டு சாயத்தையும் ஒன்றாகச் சேர்த்த முறையை டிங்கர்கஸ், ஊலர் என்ற இருவர் 1977இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் சுறா, திருக்கை மாதிரி எலும்பே இல்லாமல் குருத்தெலும்பு மட்டும் உள்ளவற்றை முழு உருவில் இப்படிக் காட்டுவது பெரும்பாடு. இன்று மீன் வகைப்பாட்டில் இருக்கிறவர்களுக்கு அது அன்றாட வேலை. ஓவியம் மாதிரி இருக்கிறதே என்று யாராவது சொன்னால் அவர்களுக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருக்கும்.

அப்புறம் சிவப்பு. அலிசரின் ரெட். அரை சதவீதக் காரத்தில், கரைசல் நல்ல ஊதா நிறமாகும்வரை சாயத்தூளைத் தூவினால் போதும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மீனை உள்ளே விட்டேன். மறுநாள் காலையில் எடுத்தபோது எல்லாம் ஊதா. எலும்பு எது சதை எது என்று தெரியவில்லை. வெறும் காரக் கரைசலில் அலசி வைத்து, மதியத்துக்குள் சதையிலிருந்து சாயம் கழன்றது. எலும்பில் மட்டும் நின்றது. செவுள் மூடி, விலா, முதுகுத் துடுப்பின் முட்கள், கடைசியில் விசிறி மாதிரி வால் எலும்புகள். நான் இருபது வருஷமாகப் படத்தில் காட்டிக்கொண்டிருந்த எலும்புக்கூடு, ஒன்றோடொன்று எங்கெங்கே தொட வேண்டுமோ அங்கங்கே தொட்டுக்கொண்டு நின்றது. உலர்ந்த எலும்புக்கூட்டில் இது நடக்காது. அங்கே கம்பியும் பசையும்தான் எலும்புகளை நிறுத்தும். எந்த எலும்பு எவ்வளவு தள்ளி என்பது செய்தவரின் ஊகம்.

இந்தச் சிவப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த இடம் இதுதான்.

அலிசரின் முதலில் ஆய்வகத்துச் சாமான் கிடையாது, துணிச் சாயம். ஐரோப்பாவில் மாடர் என்ற செடியின் வேரிலிருந்து எடுத்தார்கள். நம் சோழமண்டலக் கரையில் அதே அலிசரின் சாயவேரில் இருந்தது. இம்பூறல் என்று சித்த வைத்தியர்கள் சொல்லும் அதே சின்னச் செடி, கடலோர மணலில் வளர்வது. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்து வாங்கிப் போன பூத்துணிகளின் சிவப்பு அந்த வேரிலிருந்து வந்ததுதான். துணிக்கு முதலில் கடுக்காய், படிகாரம் ஏற்ற வேண்டும். படிகாரத்திலுள்ள உலோகம்தான் சாயத்தைப் பிடித்து நூலோடு கட்டும். எலும்புக்கு அந்த வேலை தேவையில்லை, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தே சாயத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இது தெரியவந்ததும் ஒரு துணிக்காரர் வீட்டு விருந்தில்தான். லண்டனில் ஜான் பெல்ச்சியர் என்ற அறுவை மருத்துவர், துணியில் பூ அச்சடிக்கும் ஒருவர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, பன்றித் தொடையின் எலும்பு சிவப்பாக இருந்ததைப் பார்த்தார். மாடர் சாயம் தோய்த்த துணியைத் தவிட்டோடு கொதிக்க வைத்து அலசுவார்கள். அந்தத் தவிட்டைத்தான் பன்றிக்குப் போட்டிருக்கிறார்கள். சதை சாதாரணமாக இருக்க, எலும்பு மட்டும் சிவந்திருந்தது. கோழிக்கு மாடர் கலந்த தீனி போட்டுச் சரிபார்த்துவிட்டு, 1736இல் ராயல் சொசைட்டியில் சொன்னார். பிறகு பிரான்சில் துயமெல் என்பவர் கொஞ்ச நாள் மாடர் போட்டு, கொஞ்ச நாள் நிறுத்தி, மறுபடி போட்டுப் பார்த்தார். எலும்பை வெட்டினால் சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று வளையம். மரத்துக்கு வளையம் விழுவதுபோல எலும்பும் அடுக்கடுக்காக வளர்கிறது என்று அதிலிருந்து தெரிந்தது. 1868இல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மனும் அலிசரினை ஆய்வகத்திலேயே செய்துவிட்டார்கள். அதோடு மாடர் வயல்கள் போயின, இங்கே சாயவேர் தோண்டுகிறவர்களின் பிழைப்பும் போயிற்று. என் குப்பியிலுள்ள தூள் அந்தச் செயற்கைச் சாயத்தின் தண்ணீரில் கரையும் வடிவம்.

பதப்படுத்திய உடல்களில் கலை என்றால் ஆம்ஸ்டர்டாமின் ஃபிரெடெரிக் ரூய்ஷைச் சொல்லாமல் போக முடியாது. ரத்தக் குழாய்க்குள் சிவப்பு மெழுகை ஏற்றி, செத்த குழந்தையின் கன்னத்தில் உயிரின் நிறத்தைக் கொண்டுவந்தவர். ரஷ்ய மன்னர் பீட்டர் அவருடைய சேகரிப்பை 1717இல் 30,000 கில்டர் கொடுத்து வாங்கிப் போனார். அதில் மிச்சமிருப்பவை இன்றும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கின்றன. ரூய்ஷின் மகள் ராகெல் பெரிய பூ ஓவியர். குழந்தையின் கையை வெட்டிய இடம் தெரியாமலிருக்க ரூய்ஷ் லேஸ் வைத்த சட்டைக் கை மாட்டிவிடுவார். படங்களில் பார்த்திருக்கிறேன். வேலைப்பாடு அபாரம். ஆனால் எனக்கு அது ஒட்டவில்லை. அந்தக் குழந்தையின் அம்மாவிடம் யாராவது கேட்டார்களா என்ற கேள்வி ஒன்று. இன்னொன்று, லேஸ் மறைக்கிறது. எங்கள் அலமாரிப் பல்லிக்குக் கட்டிய கறுப்பு நூலும் மறைந்துதான் இருக்கிறது, ஆனால் அது மறைவது பல்லி தெரிவதற்காக.

சரி, மீனுக்கு வருவோம். சிவப்பு ஏறியாயிற்று, ஆனாலும் சதை இன்னும் பால் கலந்த தண்ணீர் மாதிரிதான் இருந்தது. கடைசித் தெளிவைத் தருவது கிளிசரின். பஜ்ஜி மடித்த பேப்பரில் எண்ணெய் ஊறினால் பின்பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரியும் அல்லவா, அதே சங்கதி. பேப்பர் நாருக்கு இடையில் காற்று இருக்கும்வரை வெளிச்சம் ஒவ்வொரு நாரிலும் பட்டுச் சிதறும். எண்ணெய் அந்த இடத்தை நிரப்பினால், நாரும் எண்ணெயும் வெளிச்சத்தை ஏறக்குறைய ஒரே அளவு வளைப்பதால் சிதறல் குறைகிறது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, கிளிசரினுடையது 1.47. மிச்சமிருக்கும் சதை கிளிசரினுக்குத்தான் பக்கம். லைப்சிக்கில் ஸ்பால்டெஹோல்ட்ஸ் என்பவர் 1911 வாக்கில் இதே தத்துவத்தில் மனித உறுப்புகளையே கண்ணாடியாக்கிக் காட்டினார். அவர் பயன்படுத்தியவற்றில் ஒன்று விண்டர்கிரீன் தைலம், நாம் முட்டிவலிக்குத் தேய்க்கிற களிம்பில் மணக்கிற அதே பொருள்.

நேராகக் கிளிசரினில் போட்டால் மீன் சுருங்கிவிடும். முக்கால் பங்கு காரக் கரைசலுக்குக் கால் பங்கு கிளிசரினில் தொடங்கி, பாதிக்குப் பாதி, அப்புறம் முக்கால் பங்கு கிளிசரின், கடைசியில் முழுக் கிளிசரின். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு நாள் விட்டேன். ஒவ்வொரு முறையும் புதுக் கரைசலில் மீன் முதலில் மேலே மிதக்கும்; உள்ளே ஊற ஊற மெல்ல இறங்கும். அடியில் போய்ப் படுத்தால் அடுத்ததற்குத் தயார் என்று அர்த்தம். பூஞ்சை வராமல் இருக்கக் கடைசிக் குப்பியில் ஒரு தைமால் படிகம் போட்டேன். ஓமத்தின் வாசனை தருவது அதுதான், மூடியைத் திறந்தால் ஓமத்திரவம் குடித்த ஞாபகம் வரும்.

ஒரு பழைய எல்இடி விளக்கின் மேல் வெள்ளை அக்ரிலிக் பலகை வைத்து, அதன் மேல் குப்பியை நிறுத்தினோம். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “வால்ல ஒரு எலும்பு ஒடிஞ்சு ஒட்டியிருக்கு சார்” என்றாள். எனக்கு அதுவரை தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். வால் எலும்புகளில் ஒன்று நடுவில் முடிச்சுப் போட்டாற்போல் தடித்து, லேசாகக் கோணியிருந்தது. ஏரியில் ஏதோ ஒன்று கடித்து, தப்பித்து, ஆறி, அதற்கப்புறம் வலையில் மாட்டியிருக்கிறது.

பையில் மிச்சமிருந்த கடைசி மீனில் ஒரு விளையாட்டு விளையாடிப் பார்த்தேன். நாட்டு மருந்துக் கடையில் மஞ்சிட்டி வேர் வாங்கி, இடித்துக் காய்ச்சி, வடிகட்டி, காரம் சேர்த்து, அலிசரின் தூளுக்குப் பதிலாக அதில் ஊற வைத்தேன். மூன்று நாள் வைத்தும் சதையெல்லாம் செம்மண் நிறமானதுதான் மிச்சம். முதுகெலும்பில் மட்டும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், மங்கலான ஒரு செம்மை தெரிகிறது. அதுகூட நான் பார்க்க ஆசைப்படுவதால் தெரிகிறதா என்று சந்தேகம். மஞ்சிட்டியும் மாடர் குடும்பத்துச் செடிதான் என்றாலும் அதில் அதிகம் இருப்பது வேறு சாயங்கள். அந்த மீனும் இப்போது கிளிசரினில், பின்வரிசையில், பல்லி ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடைக்காரரிடம் இம்பூறல் வேர் கேட்டு வைத்திருக்கிறேன். இருமலா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.